ஏலக்காய் ஸ்டோரும் ஏசி டக்ட்டும்

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்து ஏலமலை. அங்கே தோட்டங்களில் 'ஸ்டோர்' என்று ஒரு கட்டடம் இருக்கும். பெயரைக் கேட்டு குடோன் என்று நினைத்துவிட வேண்டாம், அது காய் உலர்த்தும் இடம். பழைய ஸ்டோர்களில் அடுப்பு வெளியே இருக்கும். விறகின் சூடும் புகையும் தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிவந்து புகைபோக்கியில் வெளியேறும். புகை காயைத் தொடாது. குழாயின் சூடு மட்டும் மேலே கம்பிவலைத் தட்டுகளில் பரப்பிய பச்சைக்காய்க்குப் போகும்.

வெயிலில் காயவைத்தால் என்ன? காய் எடுப்பு பெரும்பாலும் மழையோடுதான் வருகிறது. வெயில் கிடைத்தாலும் பச்சை நிறம் வெளுத்துவிடும். வளைகுடா நாடுகளில் கஹ்வா காபிக்கு வாங்குபவர்கள் பச்சை நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு (தொழில் புத்தி விடாதே). பச்சைக்காயில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். அதை 10 சதவீதத்துக்குக் கொண்டுவரணும். அப்படியானால் 100 கிலோ காயிலிருந்து சுமார் 78 கிலோ தண்ணீர் ஆவியாகப் போகணும், அதுவும் ஒன்றரை நாளுக்குள். இவ்வளவு ஆவியும் அந்த அறையை விட்டு எப்படி வெளியேறும்? ஸ்டோர் வேலையின் சூட்சுமம் அதில்தான். முதல் நாலு மணி நேரம் ஜன்னலை மூடி 50 டிகிரி வரை சூடேற்றுவார்கள், காய் வியர்க்கும். பிறகு காற்றுப்போக்கியைத் திறந்து, வெளியேற்றும் ஃபேனைப் போட்டு, 45 டிகிரிக்கு இறக்குவார்கள். விறகை மிச்சம் பிடிக்கலாம் என்று திறக்காமல் விட்டால் ஆவி கூரையில் பட்டுச் சொட்டும், நிறம் கெடும். ஈரம் மிச்சமிருக்கும் காயை மூட்டை கட்டினால் பூஞ்சை. ஒரு வருஷ உழைப்பின் விலை ஏலத்தில் அங்கேயே இறங்கிவிடும்.

இதே ஈரப் பிரச்சினையில் பிறந்ததுதான் ஏசியும். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்க, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் என்ஜினியர் குளிர்ந்த குழாய்ச்சுருள் மேல் காற்றை ஓடவிட்டு ஈரத்தைத் தண்ணீராகப் பிரித்தெடுக்கும் அமைப்பை வடிவமைத்தார். ஆட்களுக்குக் குளுகுளு என்று இருப்பது அப்போது நோக்கமே இல்லை. (வறண்ட சிவகாசியில் அச்சுத்தொழில் செழித்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.) 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906இல் வைத்தவர் ஸ்டூவர்ட் கிரேமர். அவர் பஞ்சாலைக்காரர், அவருக்கு வேண்டியிருந்தது நேர்மாறாக, காற்றில் ஈரத்தைக் கூட்டுவது!

போடியில் புது வீடு கட்டிய ஒரு நண்பர், ஃபால்ஸ் சீலிங்குக்குள் டக்ட் ஓடும் ஏசி வைத்திருக்கிறார். ஐப்பசி மழையில் காற்று வரும் கிரில்லைச் சுற்றிக் கருப்பாகப் பூஞ்சை பிடித்தது. இரண்டு தடவை துடைத்துப் பெயிண்ட் அடித்தார், இரண்டு தடவையும் திரும்ப வந்தது. பையனுக்கு இருமல் நிற்கவில்லை. பெயிண்ட் கம்பெனியை மாற்றலாமா என்றுதான் என்னிடம் கேட்டார்.

ஸ்டோரைத் தலைகீழாகத் திருப்பினால் அவர் வீடு. அங்கே சூடான குழாய், இங்கே குளிர்ந்த குழாய். டக்ட் மேல் சுற்றிய உறை எங்காவது கிழிந்திருந்தால், சீலிங்குக்குள் இருக்கும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தகரத்தில் பட்டு, ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி வியர்க்கும். ஏசி அறைக்குத் தேவையானதைவிடப் பெரிதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. குளிர் இருக்கும், ஈரமும் இருக்கும்.

சீலிங்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கிரில்லுக்கு ஒரு அடி முன்னால், இரண்டு டக்ட் சேரும் இடத்தில் உறையே சுற்றாமல் விட்டிருந்தார்கள். கீழே ஜிப்சம் பலகை ஊறிப்போயிருந்தது. அவருடைய மாமனார் மலையில் தோட்டம் வைத்திருப்பவர். அண்ணாந்து பார்த்துவிட்டு, "காத்துப்போக்கியே வைக்கலையா மாப்ள?" என்றார்.