அறியாத பருவத்தின் சாட்சியம்: தமிழ்த் தன்வரலாறுகளை மதிப்பிட ஓர் அளவுகோல்

தமிழில் வெளிவரும் வாழ்க்கை வரலாறுகளையும் நினைவுக் குறிப்புகளையும் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலும் ஆளப்படும் அளவுகோல்கள் இரண்டாம்: நூலாசிரியர் உண்மையை மறைக்காமல் உரைத்தாரா என்பது ஒன்று, அவர் வாழ்ந்த காலத்தின் சமூக நிலை நூலில் எவ்வளவு தூரம் பதிவாகியிருக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேண்டுவனவே. ஆயினும் முன்னையது வாசகனால் பெரும்பாலும் சோதித்தறிய இயலாதது. பின்னையது நூலைச் சரித்திர ஆராய்ச்சிக்குரிய சாசனமாகக் கொள்ளுமளவில் பயன்படுமேயன்றி, ஒரே காலத்தைப் பற்றிய இரண்டு நூல்களுள் ஒன்று நம் மனத்தில் தங்குவதும் மற்றொன்று நழுவிப்போவதும் ஏன் என்பதற்கு விடை கூறாது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பிற்காலத்தில் அமர்ந்து எழுதுகிறவர், தாம் முன்னர் அறியாதிருந்தவற்றை அறியாமையாகவே நிற்க விடுகிறாரா, அல்லது பின்னாளில் பெற்ற ஞானத்தைக் கொண்டு அவ்வறியாமையைத் திருத்தி எழுதிவிடுகிறாரா என்பதே அந்த மூன்றாவது கேள்வி.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1940ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் 'என் சரித்திர'த்தைத் தொடராக எழுதத் தொடங்கியபோது, எண்பத்தைந்து பிராயத்தை நெருங்கியிருந்தார். சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்துப் பெற்ற கீர்த்தி அவருக்குப் பின்னால் நின்றது. அப்படிப்பட்டவர், 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைத் தாம் கண்ட வரலாற்றை எழுதுமிடம் பிரசித்தமானது. தமிழ்ப் பதிப்பு வரலாறு கூறுவோர் யாவரும் அதை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கல்லூரித் தமிழாசிரியர் என்ற பெருமிதத்தோடு, தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அவர் அடுக்கிக்கொண்டே போகிறார், முதலியாரோ அசையவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று அவர் கேட்கும்போது இளைஞருக்கு முதலில் தோன்றுவது ஞானோதயமன்று, மனத்தாங்கலே. ஐம்பெருங் காப்பியங்களுள் கிடைத்தவற்றைத் தேடி அச்சேற்றிய கைகளுக்கு, அந்த இருபத்தைந்து வயதுத் தமிழாசிரியரை முன்கூட்டியே கொஞ்சம் அறிவாளியாக்கிவிடுவது எவ்வளவு எளிய காரியம்! அவர் அதைச் செய்யவில்லை. அந்த இளைஞருடைய அதிருப்தியை நாமும் அவரோடு சேர்ந்து அனுபவிப்பதனாலேயே, பின்னர் வரும் திருப்பம் நமக்குச் செய்தியாக இராமல் சம்பவமாகிறது.

மாயூரத்தில் பாடம் கேட்ட நாட்களைக் கூறும் பகுதியிலும் இதே பண்பைக் காணலாம். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்து மரங்களில் தளிர் விட்டிருக்கிறதா என்று காலைதோறும் பார்ப்பது வழக்கம். அதைக் கவனித்த பதினாறு வயது மாணாக்கர், ஆசிரியர் எழுந்து வருமுன்பே தாம் எழுந்து, எந்தச் செடியில் எங்கே புதுத் தளிர் தோன்றியிருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்தவுடன் காட்டுகிறார். அதனால் பேச்சுப் பிறக்கிறது, பேச்சிலிருந்து பாடம் பிறக்கிறது. இந்த உபாயத்தைக் குருபக்தி என்னும் பெரிய பெயரிட்டு உயர்த்தாமல், பாடம் கேட்கும் ஆவலில் ஒரு பையன் கண்டுபிடித்த வழியாகவே நூல் வைத்திருக்கிறது. 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக அவர் வெளியிட்ட பிள்ளையவர்கள் சரித்திரத்தில் ஆசிரியரின் பெருமையைக் காண்கிறோம். தன்வரலாற்றிலோ அப்பெருமையை அண்ணாந்து பார்த்த சிறுவனின் உயரம் தெரிகிறது. ஒரே பேனாவால் எழுதப்பட்ட இரண்டு நூல்களுக்குள்ள இந்த வேறுபாடு, தனி ஆராய்ச்சிக்கு உரியது.

இதற்கு மாறாக, திரு. வி. க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' (1944) தொழிற்சங்க வரலாற்றுக்கு இன்றியமையாத நூலாக இருந்தும், அதில் வரும் இளைஞர் கலியாணசுந்தரம் பல இடங்களில் முதியவர் கலியாணசுந்தரத்தின் வாக்கிலேயே பேசுகிறார் என்பது என் அபிப்பிராயம். சமரச சன்மார்க்கம் கடைசியில் அடைந்த கரையாக இராமல், புறப்பட்ட துறையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. நூலின் பெருந்தன்மையை மறுக்கவில்லை. ஆனால் அவர் எதையேனும் அறியாமல் இருந்தார் என்று நம்புவது வாசகனுக்குக் கடினமாகிவிடுகிறது.

பாரதியாரைப் பற்றிய நூல்களிலும் இந்த அளவுகோல் செல்லும். வ. ரா. மகாகவியைப் பற்றி எழுதினார். புதுச்சேரியில் உடன் பழகியவராயினும், பாரதியார் மகாகவியே என்று நிலைநாட்டுவதற்காகப் பின்னாளில் வாதாடியவரின் குரலே அவர் நூலில் ஓங்கி நிற்கிறது. மண்டயம் ஸ்ரீநிவாஸாசாரியாரின் புதல்வியான யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' 1954இல் வெளிவந்தது. அண்டை வீட்டுச் சிறுமியாய்ப் பாரதியாரின் பெண்களோடு விளையாடிக்கொண்டே அவர் பாட்டைக் கேட்டவருக்கு, அந்தப் பாட்டு நாளைக்கு என்னவாகப் போகிறது என்பது தெரியாது. பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் இல்லறக் கவலையும் புதிய பாட்டும் ஒரே நாளின் இரண்டு விஷயங்களாகவே அவருக்குத் தென்படுகின்றன. இலக்கிய விமர்சனமாக அந்நூலில் அதிகம் இல்லை. ஆயினும் பாரதியாரின் வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்லும் நூல் எது என்று கேட்டால், தயக்கமின்றி அதையே சொல்வேன்.

அண்மைக் காலத்து நூல்களுள் பாமாவின் 'கருக்கு' (1992) இந்தக் கோணத்தில் மறுபடியும் படிக்கத்தக்கது. தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும் சிறுமி, தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை அதன் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிலக்காரரிடம் போவதைக் கண்டு சிரிக்கிறாள். பொட்டலத்தைத் தொட்டால் தீட்டு என்பது அவளுக்குத் தெரியாது; அண்ணன் சொன்ன பிறகே தெரிகிறது. சிரித்த சிரிப்பை ஆசிரியர் அழிக்காமல் விட்டிருப்பதனால்தான் அதன் பின் வரும் கோபம் நம்மையும் சுடுகிறது. முதல் வரியிலேயே கோபம் வந்திருந்தால் அது கொள்கைப் பிரகடனமாக நின்றிருக்கும். கே. ஏ. குணசேகரனின் 'வடு' (2005) இளையான்குடிப் பக்கத்து இளமையைக் கூறுகிறது. முஸ்லிம்கள் வாழும் ஊரில் சாதி கேட்கப்படாமல் வளர்ந்த பிள்ளை, உறவினர் ஊருக்குப் போகும்போது அக்கேள்வியைச் சந்திக்கிற அதிர்ச்சியை, விளக்கவுரையை அதிகம் சேர்க்காமலேயே அந்நூல் நமக்குத் தந்துவிடுகிறது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யில் ஒவ்வொரு சம்பவமும் நிகழ்ந்த கணமே பிற்காலத்துத் தராசில் நிறுக்கப்படுகிறதே, அது குறைபாடா? அன்று என்றே கூறுவேன். அங்கே நிறுப்பவரும் நிறுக்கப்படுபவரும் வெவ்வேறாகக் கண்ணுக்குத் தெரிகிறார்கள். தந்தை மரணத் தறுவாயில் இருக்கையில் மனைவியின் அறைக்குச் சென்ற இளைஞனை முதியவர் கண்டிக்கிறாரேயன்றி, அவனை நல்லவனாக்கிவிடவில்லை. ஆகவே பின்னறிவு நூலுக்குள் வருவதில் தவறில்லை; அது முன்னறியாமையின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துகொள்வதே தவறு.

இந்த அளவுகோலுக்கு மிகக் கடினமான சோதனை, தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016). விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தவர், 2009இல் யுத்தம் முடிந்த பின் சிறையும் புனர்வாழ்வும் கடந்து, 2015 அக்டோபரில் புற்றுநோயால் மறைந்தார். நூல் அதன் பின்னரே வெளிவந்தது. பள்ளிப் பருவத்தில் இயக்கத்தை நாடிய பெண்ணின் ஆவேசமும், தோல்விக்குப் பின் எழுதுகிறவரின் சுயவிமர்சனமும் ஒரே நூலில் இருக்கின்றன. அந்தச் சுயவிமர்சனம் முழுவதும் அவருடையதுதானா என்ற சர்ச்சையும் உடனே எழுந்தது. இச்சர்ச்சையில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் அப்படி ஒரு சந்தேகம் எழுமிடத்தில், பருவங்களுக்கிடையே உள்ள தூரத்தை வாசகன் அளந்து பார்க்க இயலாமற்போகிறது; ஒரு வாக்கியம் எந்தக் காலத்து மனத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் தன்வரலாற்றைப் படிக்க முடியாது.

ஆகவே ஆசிரியர் மறைவுக்குப் பின் வெளிவரும் நூல்களில், கைப்பிரதி எந்நிலையில் கிடைத்தது, எப்பகுதி எப்போது எழுதப்பட்டது, பதிப்பாசிரியர் கை எங்கே பட்டது என்பவற்றை முன்னுரையிலேயே அறிவிப்பது பதிப்பகங்களின் கடமையாகும். இதற்கு நம்மிடையே முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1942இல் சாமிநாதையர் காலமானபோது 'என் சரித்திரம்' மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நின்றுபோயிருந்தது. 1950இல் நூலாக வந்தபோதும் அது நின்ற இடத்திலேயே நின்றது. எஞ்சிய வரலாற்றை அவர் மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் எழுதியபோது, ஆசிரியரின் குரலைத் தாம் ஏற்றுக்கொள்ளாமல், தம் பெயரில் 'என் ஆசிரியப்பிரான்' என்று தனி நூலாகவே எழுதினார்.