சந்தடியில்லாத தண்ணீர்

கடலே இல்லாத தர்மபுரி மாவட்டத்துக்காரன் கடலில் குளிப்பதைப் பற்றி எழுத வருவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். பாப்பாரப்பட்டிக்காரனான எனக்குத் தண்ணீர் என்றால் கிணறு. விரிந்த தண்ணீர் என்றால் ஒகேனக்கல். பிழைக்க வந்த சென்னையில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட விசாரிப்பு இது: ‘கூட்டமில்லாம நிம்மதியா நீந்தறதுக்கு எங்கியாச்சும் ஒரு எடம் இருக்கா சார்?’ சாதாரணக் கேள்விதான். ஆனால் ‘கூட்டம்’ என்று யாரைச் சொல்கிறோம், அந்தக் கூட்டம் அங்கே எப்படி இல்லாமல் போயிற்று என்று கேட்டுப் பார்த்தால் அதற்கு ஒரு வரலாறு இருப்பது தெரியவரும்.

மதராஸில் கடல் வெகுகாலம் வெள்ளைக்காரர்களுக்குக் கடந்தாக வேண்டிய ஆபத்தாகவே இருந்தது. கப்பலிலிருந்து கரையேற மசூலாப் படகையும் கட்டுமரக்காரரையும் நம்பித்தான் ஆகவேண்டும். 1870களில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்தது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தார். பயமுறுத்திய கரை உலாவும் கரையானது. உலாவ ஜனம் கூடியபின், ஒதுங்க நினைத்தவர்களுக்கு அடையாற்றுக்குத் தெற்கே எலியட்ஸ் கடற்கரை இருந்தது. 1930 டிசம்பர் 30 அன்று அங்கே அடுத்தவரைக் காப்பாற்றப் போய் மூழ்கிப்போன டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் இன்றும் மணலில் நிற்கிறது.

அந்தக் கரையை ஒட்டித்தான் ஊரூர்க் குப்பம். வலை காய்வதும் கட்டுமரம் ஏறி இறங்குவதும் அன்றாடம் நடக்கிற இடம். அதை ஒதுக்குப்புறம் என்று பார்க்கிற கண்ணுக்கு மீனவர் மனிதராகத் தெரிவதில்லை. காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார். இதில் ஒரு நடைமுறை ஆபத்தும் உண்டு. இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே மட்டும் தண்ணீர் சாந்தமாகத் தெரிந்தால், பெரும்பாலும் அதுதான் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். வெளியாள் அமைதி என்று வாசிப்பதைக் கரைக்காரர் எச்சரிக்கை என்று வாசிக்கிறார். ஒரே தண்ணீர், இரண்டு அறிவு. இதில் எது அறிவு என்று அங்கீகரிக்கப்படுகிறது என்பது அதிகாரத்தின் சமாச்சாரம்.

விடுதலைக்குப் பிறகும் இந்தப் பார்வை மாறவில்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டது தமிழக அரசு. மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. கரையைச் ‘சுத்தம்’ செய்வது என்றால் ஆளைச் சுத்தம் செய்வது என்று அர்த்தமாகிவிட்ட தருணம் அது.

தண்ணீரிலிருந்து உடல்களை விலக்கும் இந்தக் காரியத்துக்குச் சட்ட வடிவமும் இருந்தது. 1898ஆம் வருஷத்துக் குஷ்டரோகிகள் சட்டம், அரசு குறிப்பிடும் பகுதிகளில், உள்ளாட்சி விதி தடுத்த பொதுக் கிணற்றிலோ குளத்திலோ தொழுநோயாளி குளிக்கவும் துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் கூடாது என்று ஆணையிட இடம் தந்தது. எங்கள் ஊரோடு இதைச் சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1908இல் வ.உ.சி.யோடு தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி 1912இல் வெளியே வந்தார். ரயிலேறத் தடை. நடந்தும் வண்டியிலுமாக ஊர் ஊராகப் போனவர் 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் காலமானார். அவருக்கு நினைவிடம் வைத்துக் கும்பிடுகிறோம். அவர் உடம்பைப் பொதுவெளியிலிருந்து தள்ளிய தர்க்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளும் அதிகாரத்தையும், கொள்ளைநோய் கண்ட ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கண்காணிக்கும் அதிகாரத்தையும் ஃபூக்கோ வேறுபடுத்திக் காட்டினார் (‘கண்காணிப்பும் தண்டனையும்’, 1975). நம் குளங்களில் இவை இரண்டுக்கும் முன்பே சாதி காவலிருந்தது. மகாட் ஊரின் சவுதார் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் ஊற்றி அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது, அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாக.

இத்தோடு நிறுத்தினால், அமைதியை நாடுகிறவரெல்லாம் ஆதிக்கக்காரர் என்று ஆகிவிடும். அது நியாயமில்லை. எங்கள் பக்கத்து வயல் கிணறுகளில் காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய நாட்களில், காலனிப் பையன்கள் கிணற்றுக்காரர் இல்லாத நேரம் பார்த்துத்தான் குதிப்பார்கள். ஒருத்தன் மேட்டில் காவல் நிற்பான். பெண்கள் குளிக்கப் போவது விடியுமுன், இருட்டில். ‘யாரும் இல்லியே?’ என்று அவர்கள் கேட்ட கேள்வியும், பீச்சுக்கு வழி கேட்பவரின் கேள்வியும் கேட்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஒன்று, அடுத்தவரை விரட்டி உண்டாக்கிய அமைதி. மற்றது, அடுத்தவருக்குப் பயந்து ஒளிந்து எடுத்துக்கொண்ட அமைதி. முதலாவதற்கு மண்டபமும் நடைபாதையும் சட்டமும் ஆவணமாக இருக்கின்றன. இரண்டாவதற்கு ஞாபகம் மட்டும்தான் சாட்சி. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, திறந்த கிணறுகள் வற்றிப் புதர் மூடிக்கிடக்கிற மாவட்டத்தில் அந்தச் சாட்சியும் வேகமாக அழிந்துவருகிறது.

நீச்சலின் வரலாற்றை எழுதப் போகிறவர் கிளப்புகளின் பழைய பதிவேடுகளோடு திருப்தியடையக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கிணற்று மேட்டில் காவல் நின்ற பையன் இன்று எங்கேயோ அறுபது வயதில் இருப்பான். எந்தக் கிணறு, எந்த நேரம், யார் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அவனுக்கு இன்னும் தெரியும். அவனிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.