டெண்டுக் கொட்டகையின் மணல் தரை

தமிழ்நாட்டில் சலனப் படம் வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் படங்களின் பெயர்களையும் நடிகர்களின் புகழையுமே எழுதியிருக்கிறார்கள். திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1931 அக்டோபர் 31-இல் ‘காளிதாஸ்’ சென்னை கினிமா சென்ட்ரலில் வெளிவந்து, பேசும் படக் காலத்தைத் தொடங்கி வைத்தது. இவையெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டன. ஆனால் படம் பார்த்தவர்கள் எங்கே அமர்ந்தார்கள், யார் பக்கத்தில் அமர்ந்தார்கள் என்று அறிய விரும்பினால் வீட்டிலுள்ள முதியோரைத்தான் கேட்கவேண்டும். நான் என் பாட்டியாரைக் கேட்டேன்.

அவர் 1936-இல் கும்பகோணத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதானபோது, தை அறுவடை முடிந்தபின், ஊர்ப்புறத் திடலில் டெண்டுக் கொட்டகை ஒன்று வந்து இறங்கிற்று. பகலெல்லாம் மாட்டுவண்டி ஒன்று தட்டியைச் சாத்திக்கொண்டு தமுக்கடித்துத் தெருத்தெருவாக வரும். துண்டு நோட்டீசுக்காகச் சிறுவர் கூட்டம் அதன் பின்னே ஓடும். ஊரில் மின்சாரம் இல்லை. எண்ணெய் இயந்திரம் ஒன்று கொட்டகைக்குப் பின்னால் தடதடவென்று ஓடி ஒளி தரும். கூடாரத்துக்குள் பகல் வெளிச்சத்தைத் தடுக்க இயலாதாகையால், காட்சிகள் இரவில்தான். ஒலிபெருக்கிக் குழாயில் பக்திப் பாட்டு எழும்பினால், அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பலாம் என்பது ஊர்ப் பெண்களின் கணக்கு.

உள்ளே மூன்று வகுப்புகள்: தரை, பெஞ்சு, நாற்காலி. ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவே ஒரு தட்டி. தரை என்பது மணல். முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறதென்றால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் ஏறி உட்காரலாம். பின்னால் இருப்பவரும் அவ்வாறே செய்வார். இந்தப் போட்டியில் படத்தின் முதற்பகுதி கழிந்துவிடும் என்று பாட்டியார் சிரிக்கிறார். அவர் பெஞ்சுக்குரிய வீட்டுப் பெண். ஆனால் விளக்கணைந்ததும் நழுவி மணலுக்குப் போய்விடுவார்.

அன்று காட்டிய படம் 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’. திரையில் தியாகராஜ பாகவதர் பாடினார், என். எஸ். கிருஷ்ணன் சிரிக்க வைத்தார். அவ்வேளையில் அவ்விருவருமே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார்கள், 1947-இல்தான் விடுதலையானார்கள். பெரியவர்கள் இதை அறிந்தே பார்த்தார்கள். பாகவதர் வாய் திறந்ததும் சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது கதைக்காக மட்டும் அன்று என்பது பாட்டியாருக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்றாம்.

கொட்டகையில் படக்கருவி ஒன்றே. ஆகவே சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. முறுக்கு, வேர்க்கடலை, சோடா விற்போருக்கு அது கொண்டாட்டம். பாட்டியாருக்கோ அன்று அதுவே வினையாயிற்று. தங்கள் வயலில் நடவு நடும் சேரிப் பெண் ஒருத்தியின் தோளில் சாய்ந்து, அவர் உரித்துக் கொடுத்த கடலையைத் தின்றுகொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது. பெஞ்சிலிருந்து என் கொள்ளுப்பாட்டியார் பார்த்துவிட்டார். அங்கே ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பியதும், மாசி மாதத்து நள்ளிரவில், கிணற்றடியில் மகள் தலையில் நான்கு குடம் நீரை ஊற்றிய பிறகே உள்ளே விட்டார்.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இடத்தை முடிவு செய்தது குலமன்று, கையிலிருந்த காசே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் வெளிவந்த தம் ஆய்வில் கருதுகிறார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் எல்லோருக்கும் திறந்தது 1939-இல். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். சீட்டு வாங்கியவரைக் கொட்டகைக்காரர் குலம் கேட்டு நிறுத்தவில்லை என்பதை இவற்றோடு வைத்து எண்ணினால் அக்கருத்தின் வலிமை தெரியும். எனினும் காசு இருந்தவர்கள் அக்காசைக் கொண்டே பெஞ்சில் ஏறிக்கொண்டார்கள் என்பதையும், கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கிணறு இருந்தது என்பதையும் நாம் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

“மறுபடியும் படத்துக்குப் போனீர்களா?” என்று கேட்டேன். “போனேன், அம்மா என் கையை விடவேயில்லை” என்றார்.

இத்தகைய கொட்டகைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கே உரிமம் உண்டு. அது முடிந்ததும் கம்பங்களைப் பிடுங்கி, கூடாரத்தைச் சுருட்டி, வண்டிகளில் ஏற்றிப் போய்விட்டார்கள். மணல் மட்டும் திடலில் கிடந்தது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் அதைக் கிளறிச் சிந்திய காசைத் தேடினார்கள். பாட்டியாருக்கு ஒரு காலணா கிடைத்ததாம்.