சுரபுன்னைக் காட்டிலிருந்து நெற்பயிர்வரை: அஜய் பரிடாவின் மரபணுத் தேடல்

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துச் சுரபுன்னைகளில் ஒன்று, தெரிந்த எந்த இனத்திலும் சரியாக அடங்கவில்லை. அதன் உருவ அமைப்பு அங்கு வளரும் இரண்டு சுரபுன்னை இனங்களுக்கும் நடுவில் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியலாளர் கே. கதிரேசன் 1995-இல் அதைப் புதிய இனமாக அறிவித்து, பல்கலைக்கழகத்தின் பெயரையே சூட்டினார்: ரைசோபோரா அண்ணாமலையானா. இரண்டே ஆண்டுகளில் சென்னையிலிருந்து வேறொரு விடை வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எம். பரணி, அஜய் பரிடா ஆகியோரின் குழு அந்த மரத்தின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அக்கம்பக்கத்துச் சுரபுன்னைகளின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டது. அது தனி இனம் அன்று. ரைசோபோரா அப்பிகுலேட்டாவும் ரைசோபோரா முக்ரனேட்டாவும் இயற்கையாகவே கலந்து பிறந்த கலப்பினம் என்று 1997-இல் வெளியான அவர்களின் கட்டுரை காட்டியது. 1999-இல் கதிரேசன் அதைக் கலப்பினமாகவே மறுபடி விவரித்து எழுதினார். களத்தில் கண்டதும் ஆய்வுக்கூடத்தில் கண்டதும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டது அறிவியலுக்கு அழகு. அண்ணாமலையின் பெயர் அந்த மரத்துக்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

அந்தக் குழுவின் பரிடா கடலோர ஆராய்ச்சிக்கு வந்த வழி நேரானதன்று. ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் 1963-இல் பிறந்தவர் அவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் அவருடைய தொடக்க ஆய்வுகளில் ஒன்று உளுந்தும் பாசிப்பயறும் அடங்கிய விக்னா பேரினத்தைப் பற்றியது. அதன் இனங்களுக்கிடையே டி.என்.ஏ. அளவு எப்படி மாறுகிறது என்று எஸ்.என். ரெய்னாவோடு சேர்ந்து 1990-இல் எழுதினார். பயறு படித்தவரை உப்பங்கழிக்கு இழுத்தது, அந்தச் சென்னை நிறுவனத்தை நிறுவிய எம்.எஸ். சுவாமிநாதனின் ஒரு கணிப்பு. கடல்மட்டம் உயர்ந்தால் கடலோர வயல்கள் உவராகும். உவரைத் தாங்கும் பண்பைப் பயிர்களுக்குக் கொடுக்க வேண்டுமானால், ஓதநீரிலேயே பிறந்து வளரும் மரங்களின் மரபணுக்களைத் தேட வேண்டும் என்றார் அவர். 1990-இல் ஜப்பானின் ஒகினாவாவில் உருவான பன்னாட்டுச் சதுப்புநிலக்காட்டுச் சங்கத்தின் முதல் தலைவரும் சுவாமிநாதன்தான்.

தேடுவதற்கு ஏற்ற இடம் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். நடுவே சுமார் 1,100 எக்டேரில் திட்டுத் திட்டாகப் பரவியிருக்கிறது பிச்சாவரம் காடு. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அங்கே நிற்கின்றன. சிதம்பரத்துக்குப் பழைய பெயரைத் தந்த தில்லையும் ஓர் உவர்நிலத் தாவரமே.

பரிடாவின் குழு முதலில் செய்தது கணக்கெடுப்பு. மரபணுவைக் கையாள்வதற்கு முன்னால், எந்த இனம் எதற்கு உறவு, ஓர் இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை மூலக்கூறு அளவில் அவர்கள் பதிவு செய்தார்கள். சதுப்புநிலத் தாவரங்களின் மூலக்கூறு வம்சவரலாறு என்ற தலைப்பில் தொடர் கட்டுரைகள் வெளிவந்தன. கலப்பினச் சுரபுன்னை பற்றியது அவற்றில் மூன்றாவது. பொறுமையைச் சோதிக்கும், பெயர் வாங்கித் தராத வேலை அது. பின்னால் வந்த எல்லாமே அதன்மேல்தான் நின்றன.

அடுத்த கட்டத்துக்கு அவர்கள் தேர்ந்தது வெண்கண்டல். இந்த மரத்தின் வேர், நீரை உறிஞ்சும்போதே உப்பின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறது. அதையும் மீறி உள்ளே வரும் உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. வெயிலில் இலைமேல் உப்புப் படிகம் மின்னுவது இதனால்தான். ஆனால் செல்லுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. உப்பு மிகும்போது செல்லில் சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமிக்க ஆக்சிஜன் பெருகிச் சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கிறது. செம்பும் துத்தநாகமும் கொண்ட ஒரு நொதி அதைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றுகிறது. வெண்கண்டலில் இந்த நொதிக்கான மரபணுவை எடுத்து, பூசா பாசுமதி-1 நெல்லில் ஏற்றினார்கள். 2008-இல் முடிவு வெளியானது. 150 மில்லிமோலார் உப்புக் கரைசலில், அதாவது லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பில், மரபணு ஏற்றிய நெல் 8 நாள் தாக்குப்பிடித்தது. சாதாரண நெல் வாடிவிட்டது. தொட்டியில் வளர்த்து உப்புநீர் பாய்ச்சியபோதும் அது மேலாகவே நின்றது, வறட்சியையும் கூடுதலாகத் தாங்கியது.

இந்த முடிவை அளவறிந்து படிக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. சோதித்தது அதில் கால்பங்குதான். எட்டு நாள் கரைசல் வேறு, நாற்று முதல் கதிர்வரை உவர் வயலில் நிற்பது வேறு. ஒரு மரம் பல நூறு மரபணுக்களைக் கூட்டாக இயக்கிச் செய்வதை ஒற்றை மரபணு செய்துவிடாது. பரிடாவின் குழுவும் ஒன்றோடு நிற்கவில்லை. வெண்கண்டலில் செயல்படும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுத் துண்டுகளை வரிசைப்படுத்தி 2005-லேயே வெளியிட்டிருந்தார்கள். ஊரெல்லாம் சபிக்கும் சீமைக் கருவேலத்தையும் அவர்கள் விடவில்லை. அதன் வறட்சி தாங்கும் மரபணு ஒன்றைப் புகையிலையில் ஏற்றிச் சோதித்தார்கள்.

இதே காலத்தில் அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு காட்டையே மீட்டுக்கொண்டிருந்தது. கூப்பு வெட்டு என்ற பெயரில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் வெயில் நேராக மண்ணில் விழுந்து, தரை வற்றித் தொட்டிபோல் தாழ்ந்தது. உள்ளே வந்த ஓதநீர் வடியாமல் தேங்கி ஆவியாக, வெண்கண்டலே முளைக்க முடியாத அளவுக்கு உப்பு ஏறிவிட்டது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் ஏறி இறங்க வழிவிட்டு, கரைகளில் கன்று நட்டார்கள். வனத்துறையும் கிள்ளைப் பகுதி மக்களும் இதில் கைகோத்தார்கள். 1986-க்கும் 2002-க்கும் இடையே பிச்சாவரத்தின் காட்டுப்பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதாக அந்தப் பிரிவின் வி. செல்வம் குழுவினர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டினர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தக் காடு பின்னாலிருந்த ஊர்களைக் காத்தது என்று அடுத்த ஆண்டு ஆய்வுகள் வெளியாயின. கடலிலிருந்து தூரமும் தரை உயரமுமே முதன்மைக் காரணங்கள் என்று வேறு சிலர் மறுத்தனர். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், காடு அழிந்திருந்தால் அங்கே ஆராய வெண்கண்டலே இருந்திருக்காது. மரபணு ஆய்வாளர்கள் வாய்க்கால் வெட்டியவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

பரிடாவுக்கு 2014-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2017-இல் புவனேசுவரத்திலுள்ள உயிர் அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அங்கே தாவரத்திலிருந்து மனித நோய்வரை அவருடைய பொறுப்பு விரிந்தது. கோவிட் காலத்தில் அந்த நிறுவனம் கரோனா வைரசின் மரபணு வரிசைகளைப் படித்தது. 2020 டிசம்பரில் மத்திய அரசு அமைத்த மரபணுக் கண்காணிப்புக் கூட்டமைப்பின் முதல் 10 ஆய்வகங்களில் அதுவும் ஒன்று. பயிரின் டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவியும் பழக்கமும் நோய்க்கிருமியைப் படிக்கவும் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வெண்கண்டலை அவர் விட்டுவிடவில்லை. 1997-இல் உடன் உழைத்த பரணி, பின்னர் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் பேராசிரியராக மறுபடி சேர்ந்துகொண்டார். 2021 ஜூலையில் வெண்கண்டலின் முழு மரபணுத் தொகுதியை அவர்கள் குழு வெளியிட்டது. அளவு சுமார் 45.7 கோடி எழுத்துகள். புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் 31,477. அவற்றில் உப்புக்கு ஏற்ப மாறுபவை 3,246. ஒரு மரபணுவில் தொடங்கிய தேடலுக்கு முழு வரைபடம் கிடைத்தது. மறு ஆண்டு, 2022 ஜூலை 19 அன்று, குவாகாத்தியில் பரிடா காலமானார், வயது 58. அதே ஆண்டில் பிச்சாவரம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கண்டல் மரபணு ஏற்றிய நெல் எதுவும் இன்றுவரை இந்திய உழவருக்கு விதையாகக் கிடைக்கவில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த பூசா டி.எஸ்.டி. நெல், நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தி வறட்சியையும் உவரையும் தாங்கச் செய்தது; அதில் அயல் மரபணு இல்லை. இனி வெண்கண்டலின் 3,246 மரபணுக்களில் எதற்கு நெல்லிலேயே இணை இருக்கிறது என்று பார்த்து, அதைத் திருத்துவதே குறுக்கு வழி. கடலூர் மாவட்டத்தில் உவர் ஏறிய வயல்களும் இருக்கின்றன, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையமும் இருக்கிறது. அந்த வயல்களில் இப்படித் திருத்திய நெல்லைச் சோதித்துப் பார்க்கும் வேலையை உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் சேர்ந்து கையில் எடுக்க வேண்டும்.