பெயர் சுமக்கும் பாய்

சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணிக் கரையின் ஈரத்தில் கோரை முளைக்கிறது. அதை யாரும் விதைப்பதில்லை. பச்சையாக அறுத்து, வகிர்ந்து, வெயிலில் போட்டால் நிறம் மாறிச் சுருங்கும். கட்டுக்கட்டாகப் பத்தமடைக்குப் போய்ச் சேரும். திருநெல்வேலிக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரில் அக்கிரகாரமும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது இங்கேதான். கோரை போய்ச் சேருவது முஸ்லிம் லெப்பைமார் தெருக்களுக்கு.

தெருவுக்குள் வந்தபின் அதன் பாடு பெரிது. முரட்டுப் பாய் என்றால் காய்ந்த கோரையே போதும். பட்டுப் பாய் என்று பெயர்பெற்ற நயமான கோரைப் பாய்க்கு அது ஆகாது. கோரையை மறுபடியும் ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறி உப்பியதை எடுத்து, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி, மேல்தோலை மட்டும் இழை இழையாகக் கிழிக்கிறார்கள். பிறகு காயவைத்துச் சாயத்தில் முக்குகிறார்கள். முன்பெல்லாம் சிவப்புக்கு மரக்கட்டைச் சாயம். இப்போது கடையில் வாங்கும் பொடி. இத்தனைக்கும் பின் கையில் மிஞ்சுவது முடியைவிடச் சற்றே தடித்த இழை.

தறி என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ தரையோடு தரையாகப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் அதைத் தூக்கிப்பிடிக்க மூங்கில் முக்காலி. நெய்கிறவர் பெரும்பாலும் பெண். பாவின் மேலேயே குந்தியிருந்து, நீளக் குச்சியில் கோரையிழையைக் கோத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுவார். அச்சை இழுத்து அடிப்பார். அடுத்த இழை. நயமான பாய்க்கு நூறாம் நம்பருக்கு மேற்பட்ட பருத்தி நூல்தான் பாவு. ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். வேலைப்பாடு கூடினால் மாதத்தையும் தாண்டும். முடிந்த பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். போகட்டும், ராணிக்குப் பாய் போனது ஒரு தடவை. கல்யாண வீடுகளுக்குப் போவது தலைமுறை தலைமுறையாக. அந்தப் பயணம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

திருநெல்வேலிச் சீமையில் கல்யாணச் சீரில் பத்தமடைப் பாய்க்கு ஓர் இடம் உண்டு. வசதியுள்ள வீட்டார் மாதங்களுக்கு முன்பே சொல்லிவைப்பார்கள். ஒரு துண்டுச் சீட்டில் மணமகன் பெயர், மணமகள் பெயர், திருமண நாள். அந்தச் சீட்டு நெய்கிற பெண்ணின் பக்கத்தில் கிடக்கும். பெயரை எழுத்தெழுத்தாகப் பாயில் கொண்டுவர இழைகளை எண்ணி எண்ணிப் போக வேண்டும். சுழியும் கொக்கியுமாக வளையும் தமிழ் எழுத்தைக் குறுக்கும் நெடுக்குமான இழைகளில் உருவாக்குவது லேசான காரியமல்ல. ஓர் இழை பிசகினால் மணமகள் பெயர் வேறொன்றாகிவிடும். பிரித்து மறுபடி நெய்ய வேண்டியதுதான்.

அப்படி நெய்கிறவர் ஒரு முஸ்லிம் பெண். நெய்யப்படும் பெயர்களில் பலவும் முருகன் பெயர், அம்மன் பெயர், குலசாமி பெயர். பாங்கு கேட்டதும் குச்சியை வைத்துவிட்டுத் தொழப் போகிறார். அவர் தொழுவது அரபியில். திரும்பி வந்து உட்கார்ந்து விட்ட எழுத்திலிருந்து தொடர்கிறார், அது தமிழில். இரண்டும் அவருடையவை. ஒன்றுக்காக இன்னொன்றை அவர் ஒளித்துவைத்ததில்லை. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு விரிக்கும் பாயும் மாலை மாற்றிய தம்பதிக்கு விரிக்கும் பாயும் ஒரே கரைக் கோரை, ஒரே ஊர்க் கைவேலை.

மேடைகளில் இதைச் சகிப்புத்தன்மை என்று புகழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடிக்காத ஒன்றைப் பொறுத்துக்கொள்கிறவர்தான் சகிக்கிறார். கல்யாண வீட்டார் இந்தப் பெண்ணைப் பொறுத்துக்கொள்ளவில்லை. இவர் கைவேலைக்காகக் காத்திருக்கிறார்கள். இவரும் தயவுக்காக அங்கே குடியிருக்கவில்லை. தெற்கத்திக் கிராமங்களில் முஸ்லிம்களையும் மற்றவர்களையும் ‘மாமா’, ‘மச்சான்’ என்று பேசவைத்தது இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல்தான். கூடி வாழ்வது நல்லது என்று யாரும் பாடம் நடத்தவில்லை. ஒருவர் வேலை இல்லாமல் இன்னொருவர் வீட்டு விசேஷம் நிறையாது என்ற நிலை இருந்தது.

இதைச் சொல்லும்போதே வேறொன்றும் மனதை அறுக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து படித்து வேலைக்காக நகரம் போகிற பிள்ளைகள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். பெயரைக் கேட்டதும் ‘வீடு முடிஞ்சிடுச்சு தம்பி’ என்று கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் தாய் யார் யார் பெயரையோ இழை பிசகாமல் நெய்துகொண்டிருக்க, மகனின் பெயர் ஒரு வாடகை வீட்டுக்குக்கூடத் தடையாகிறது. ‘நீங்க எந்த ஊர்க்காரங்க?’ என்ற கேள்வி அவனிடம் வரும்போது, அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அவனுடைய ஊர் பத்தமடை. அதற்கு மேல் அவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஊருக்குள்ளும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் பாய் மலிவாக வந்த பிறகு சாதாரணக் கோரைப் பாயின் சந்தை சுருங்கிவிட்டது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் கடையில் பாய் விற்கும் விலைக்கும் நெய்தவர் கைக்கு வரும் கூலிக்கும் நடுவே பெரிய பள்ளம். இடுப்பும் முழங்காலும் வலிக்க நாளெல்லாம் குந்தியிருக்கும் வேலைக்கு, பீடி சுற்றினாலாவது வாரக்கூலி உறுதி என்று கணக்குப் பார்க்கும் பெண்களை எப்படிக் குறை சொல்வது? மகள்கள் படிக்கப் போகிறார்கள். போகத்தான் வேண்டும்.

கல்யாணப் பாயில் இரண்டு பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது; நெய்தவர் பெயர் மட்டும் எங்குமில்லை. வாங்கிப்போகிற வீட்டாருக்கும் அது தெரியாது. அடுத்துச் சொல்லிவைக்கிறவர்கள் அந்தத் துண்டுச் சீட்டில் மூன்றாவதாக ஒரு பெயரையும் எழுதிக் கொடுக்கலாம். கூடுதலாகும் நாள்களுக்குரிய கூலியையும் சேர்த்தே பேசலாம். பாயின் ஓரத்தில் அதற்கு நாலு விரற்கடை இடம் போதும்.