தந்தை வளர்த்த மீனும் மகன் தேடிய உயிரும்

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு குளமோ சிமெண்டுத் தொட்டியோ இருக்கிறதா? அதில் நாலைந்து மீன்களை விட்டு, ஓர் அல்லிக் கிழங்கையும் ஊன்றி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்திருக்கக்கூடும்.

ஒரு கோடை விடுமுறையில் எங்கள் தொட்டியைச் சுத்தம் செய்தேன். சுவரில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். அடி மணலை வாரி எறிந்தேன். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டுக் கிணற்று நீர் நிரப்பினேன். அடிவரை தெரியும் தெளிந்த நீர். வாளியில் வைத்திருந்த பழைய மீன்களையே திரும்ப விட்டேன். ஐந்தாம் நாள் காலை, ஏழில் ஆறு செத்து மிதந்தன. “அழுக்குத் தண்ணியில நல்லாத்தானே இருந்துச்சுப்பா?” என்று என் மகள் கேட்டாள். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்தபோது, அந்த விடை ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே பிரிந்து கிடப்பதைக் கண்டேன்.

தந்தையின் பெயர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் ரசாயனராக இருந்தவர். 1841-ல் ரசாயனச் சங்கம் தோன்ற முன்னின்றவர். அவர் காலத்திலும் கண்ணாடிக் கிண்ணங்களில் தங்கமீன் வளர்த்தார்கள். ஆனால் நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மீன் இறந்துவிடும். மாற்றாமலே வாழவைக்க முடியாதா என்பதுதான் வாரிங்டனின் கேள்வி.

அதற்கு அடிப்படை முந்திய நூற்றாண்டிலேயே போடப்பட்டிருந்தது. 1771-ல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. 1779-ல் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு மருத்துவர், காற்றைச் சீராக்குவது செடியின் பச்சைப் பகுதி என்றும், அதுவும் வெயில் படும்போது மட்டுமே என்றும், இரவில் செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்றும் காட்டினார்.

இதை நீருக்குள் நடத்திப் பார்க்க வாரிங்டன் எண்ணினார். 1849-ல் 12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கலத்தை எடுத்தார். அடியில் மணலும் சேறும் கற்களும் இட்டார். நாடா போல் நீண்ட இலைகளையுடைய வாலிஸ்னீரியா என்னும் நீர்ச்செடியை நட்டார். நம் நாட்டு நீர்நிலைகளிலும் வளரும் செடிதான் இது. பிறகு இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். மீன் விடும் கரியமில வாயு செடிக்கு. செடி விடும் ஆக்ஸிஜன் மீனுக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சில நாளில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. கண்ணாடியெங்கும் பச்சைப் பாசி படர்ந்தது. இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டில் குப்பை அள்ள ஆளில்லை!

குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து அவர் உள்ளே விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது. நத்தையின் முட்டைகளை மீன்கள் உண்டன. மீன், செடி, நத்தை என்ற இம்மூவர் கூட்டணியை 1850 மார்ச்சில் ரசாயனச் சங்கத்தின் முன் அவர் விவரித்தார். மூன்றே ஆண்டில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோஸ் என்ற இயற்கையியலாரின் நூலும் வெளிவரவே, வீட்டுக்கு வீடு மீன்தொட்டி வைப்பது இங்கிலாந்தில் ஒரு மோகமாயிற்று.

ஆனால் வாரிங்டன் சொன்னபடியே செய்தும் பலருடைய மீன்கள் இறந்தன. எல்லாரும் ஆக்ஸிஜனையே எண்ணிக்கொண்டிருந்தது ஒரு காரணம். ஆக்ஸிஜன் சிறிய விஷயமன்று. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்பதோ ஏழரை மில்லிகிராம்தான். 10 டிகிரி குளிர்நீரில் 11 வரை கரையும். ஆகவே நம் ஊர்த் தொட்டிக்கு லண்டன் தொட்டியைவிடக் கையிருப்புக் குறைவு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? இரவெல்லாம் செடியும் சேர்ந்து ஆக்ஸிஜனைச் செலவழித்துவிட்டது என்று பொருள். மீனைக் குறையுங்கள், இலைகள் நீர்ப்பரப்பை முழுவதும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மீன்கள் அப்படி வாய் திறக்கவில்லை. அவற்றைக் கொன்றது வேறு.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளிவிடுகிறது. அது நிறமற்றது, நீரின் தெளிவைக் கெடுக்காது, ஆனால் கடும் நஞ்சு. செடிகள் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போகிறது?

இதற்கு விடை மீன்தொட்டியிலிருந்து வரவில்லை, சாக்கடையிலிருந்து வந்தது. 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, அதன் வழியே கழிவுநீரை மெல்ல மெல்ல வடியவிட்டார்கள். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. போன அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன்பின் அம்மோனியா குறைந்து நைட்ரேட்டு வரத் தொடங்கியது. வெறும் ரசாயன மாற்றமானால் முதல் நாளே நடந்திருக்க வேண்டாமா? குழாய்க்குள் குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. ஆவியை வெளியேற்றிச் சிறிது மண் கரைத்த நீரை ஊற்றினார்கள்; சில நாளில் மாற்றம் மீண்டும் தொடங்கியது. மயங்கியதும் மாண்டதும் உயிருள்ள ஏதோ ஒன்று!

இச்செய்தியை உடனே பற்றிக்கொண்டவர், இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த ஒரு ரசாயனர். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். நம் வாரிங்டனின் மகனேதான்! தந்தை தங்கமீனை விட்டபோது பத்துப் பதினோரு வயதுச் சிறுவனாக இருந்தவர். தந்தை 1867-ல் மறைந்துவிட்டார். தம் கலத்தில் நான்காவதாக ஒருவர் குடியிருந்ததை அவர் அறியவே இல்லை.

மகன் பல ஆண்டு உழைத்தார். இம்மாற்றத்துக்கு இருட்டே உகந்தது, வெளிச்சம் தடுக்கிறது என்று கண்டார். அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு படி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது இன்னொரு படி. இரண்டுக்கும் வெவ்வேறு உயிர்கள் என்றும் காட்டினார். ஆனால் அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. மற்ற பாக்டீரியாக்கள் விரும்பித் தின்னும் ஜெலட்டின் முதலிய உணவில் இவை வளரவே மறுத்தன. 1890-ல் சூரிச்சில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் அந்தச் சத்துணவை அடியோடு விலக்கி, வெறும் உப்புகள் கரைந்த நீரில் அவற்றை வளர்த்துப் பிடித்தார். வெற்றிமாலை அவருக்குப் போயிற்று. மகன் வாரிங்டனுக்கு ஒரு பாதியாவது சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பவை அல்ல. மணலிலும், கல்லிலும், சுவரின் வழுவழுப்பிலும் ஒட்டி வாழ்பவை. மற்ற பாக்டீரியாக்களைப் போல மளமளவென்று பெருகவும் மாட்டா. நான் நார் கொண்டு தேய்த்ததும், வாரி எறிந்ததும், வெயிலில் உலர்த்தியதும் அவற்றைத்தான். அதன்பின் ஏழு மீன்களையும் ஒரே நாளில் விட்டேன். அவை வெளிவிட்ட அம்மோனியாவை மாற்ற ஆளில்லை.

மகன் வாரிங்டனின் கூற்றிலும் 2015-ல் ஒரு திருத்தம் வந்தது. இரு படிகளையும் ஒருவரே செய்யும் பாக்டீரியாவை ஐரோப்பாவில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டறிந்தன. அவற்றில் ஒரு குழு அதை எங்கே கண்டது தெரியுமா? மீன் வளர்ப்புத் தொட்டியின் நீரை வடிகட்டும் அமைப்பில்!

இப்போது எங்கள் தொட்டியில் பாசியைக் கையால் அள்ளுவதோடு சரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுகிறோம். அந்த நீர் வாழைக்குப் போகிறது. பக்கத்து வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து இரண்டு கை மணல் வாங்கி அடியில் போட்டோம். தப்பிய ஒற்றை மீனை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் காத்திருந்து, பிறகு வாரத்துக்கு ஒன்றாக மற்றவற்றை விட்டோம். நத்தைகள் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தன. அல்லித் தண்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.