வலசைப் பறவைகளின் இனப்பெருக்கப் பருவமும் இரை வளமும்

ஆண்டின் குறிப்பிட்ட சில மாதங்களில் மட்டும் பறவைகள் கூடுகட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் காலம் இனப்பெருக்கப் பருவம் எனப்படும். வலசைப் பறவைகளில் இப்பருவம் அமையும் இடத்தையும் காலத்தையும் தீர்மானிப்பதில் இரை வளத்துக்கு முதன்மையான பங்கு உண்டு. திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் உள்ள சித்தையன்கோட்டை போன்ற ஊர்களில் வடகிழக்குப் பருவமழையில் நனையும் நெல்வயல்களும், அவற்றை அடுத்த மானாவாரிச் சோளக்காடுகளும் இதற்கு இருவகைச் சான்றுகளைத் தருகின்றன. மழையைத் தொடர்ந்து தமிழகத்திலேயே கூடுகட்டும் உள்நாட்டு வலசைப் பறவைகள் ஒருவகை. இங்கே உண்டு வலுப்பெற்றுத் தொலைநாட்டில் கூடுகட்டுபவை மற்றொரு வகை.

அடிப்படைக் காரணியும் உடனடிக் காரணியும்

குஞ்சுகளுக்கு மிகுதியாக இரை கிடைக்கும் வாரங்களில் அவை பொரித்திருக்குமாறு முட்டையிடும் பறவைகளே அதிக வாரிசுகளை விட்டுச்செல்வதால், பருவம் அதற்கேற்ப இயற்கைத் தேர்வால் அமைகிறது என்பது பறவையியலாளர் டேவிட் லாக் 1954-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த கருத்தாகும். இது அடிப்படைக் காரணி எனப்படும். எனினும் அந்த இரை பெருகுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே உடல் ஆயத்தமாக வேண்டியிருப்பதால், பகற்பொழுதின் நீளம், மழை போன்ற முன்னறிகுறிகள் உடனடிக் காரணிகளாகச் செயல்படுகின்றன. கனடாவில் வில்லியம் ரோவன் 1920-களில் குளிர்காலத்திலேயே செயற்கை ஒளியால் பகலை நீட்டி, சிறு பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகளை வளரச் செய்து இதை மெய்ப்பித்தார். முட்டையை உருவாக்கத் தாய்ப்பறவைக்கும் போதிய இரை வேண்டும் என்பதால், சில பறவைகள் குஞ்சுகளுக்கு உகந்த நாளைவிடத் தாமதமாகவே முட்டையிட நேர்கிறது என்று கிறிஸ்டபர் பெரின்ஸ் 1970-இல் விளக்கினார்.

மழையைத் தொடரும் நாரைகள்

கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு காய்ந்த சேற்றுக்குள் உறங்கிக்கிடக்கும் ஆப்பிள் நத்தைகள், வயலில் நீர் பாய்ந்ததும் வெளிவருகின்றன. இவற்றையே முதன்மை இரையாகக் கொண்ட நத்தைகுத்தி நாரை, கீழலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செலுத்தித் தசைப்பிடிப்பை அறுத்து, சதையை உருவி எடுக்கிறது. மஞ்சள் மூக்கு நாரையோ மீனை நம்பி வாழ்வது. அதன் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதமும், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதமும் ஆவதால், மழை முடியும் தறுவாயில் தொடங்கும் கூட்டில் குஞ்சுகள் வளரும் வேளையில் குளத்து நீர் வற்றி, மழையில் பெருகிய மீன்கள் குறுகிய இடத்தில் செறிந்துவிடுகின்றன. இதே நாரை தென்மேற்குப் பருவமழை பெறும் இராசத்தானின் பரத்பூரில் ஆகஸ்டு, செப்டம்பரிலும், வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற தமிழகப் பகுதிகளில் அதற்குச் சில மாதங்கள் பிந்தியும் கூடுகட்டுவது, நாள்காட்டியைவிட மழையும் அது தரும் இரையுமே இதன் பருவத்தை ஆள்கின்றன என்பதைக் காட்டுகிறது. மழை பொய்த்துக் குளம் நிரம்பாத ஆண்டுகளில் இவை கூடுகட்டாமலே இருந்துவிடுவதும் உண்டு.

தொலைநாட்டில் கூடுகட்டுபவை

கூட்டங்கூட்டமாகச் சோளக்காடுகளில் இறங்கும் சூறைக்குருவி, குளிர்காலத்தில் தானியம், பழம், பூந்தேன், பூச்சி ஆகியவற்றை உண்டு, வசந்தத்தில் மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குத் திரும்புகிறது. தானியம் பெரிய பறவைக்குப் போதுமானாலும் வளரும் குஞ்சுக்குப் புரதம் மிகுதியாகத் தேவைப்படுவதால், வெட்டுக்கிளிகள் பெருகும் மே, சூன் மாதங்களை ஒட்டியே அது கூடுகட்டுகிறது. வெட்டுக்கிளி மிகுந்த இடத்தைத் தேடி ஆண்டுதோறும் கூடுகட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளவும் செய்கிறது. சீனாவின் சிஞ்சியாங்கில் வெட்டுக்கிளிகளைக் கட்டுப்படுத்துவதற்காகவே இதற்குச் செயற்கைக் கூடுகள் அமைக்கப்பட்டுள்ளன. பயணத்துக்கு முன் வலசைப் பறவைகள் உடலில் சேர்த்துக்கொள்ளும் கொழுப்பே நெடும்பறத்தலுக்கு எரிபொருளாவதால், குளிர்காலப் புலத்தில் இரை குறைந்தால் அதன் விளைவு கூடுகட்டும் புலத்திலும் தென்படக்கூடும்.

காலப் பொருத்தமின்மை

முன்னறிகுறியும் இரைப் பெருக்கமும் ஒன்றையொன்று விட்டு விலகுவது காலப் பொருத்தமின்மை எனப்படும். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து ஐரோப்பாவில் கூடுகட்டும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்றாகும். வசந்தம் முன்கூட்டியே வெப்பமடைந்ததால் நெதர்லாந்தில் கம்பளிப்புழுக்கள் முந்திப் பெருக, ஈப்பிடிப்பானின் வருகை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. புழுக்கள் மிக முந்திப் பெருகிய காடுகளில் இருபது ஆண்டுகளுக்குள் இப்பறவைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்ததென 2006-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. தமிழகத்து நாரைகள் மழையையே அறிகுறியாகக் கொள்வதால் பருவத்தை ஓரளவு தள்ளிவைக்க முடிகிறது. ஆயினும் மூன்று மாதம் நீளும் அடைகாப்பும் குஞ்சு வளர்ப்பும் முடியுமுன் குளம் வற்றிவிட்டால், தொடங்கிய கூடுகளைக் காக்க அந்த நெகிழ்வு உதவுவதில்லை.